தாளில் சலித்த காதல் மிகைபுனைவு காதில் பிடிப்பது ஏன்?

கியூர்பிப் வாசகி:

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளாகப் புத்தகக் கடைகளின் முன்மேசையை நிரப்பிக்கொண்டிருக்கும் காதல் மிகைபுனைவு நாவல்களை, அதாவது டிராகன்களும் ஃபே என்ற மாயசக்தி கொண்ட இனத்து இளவரசர்களும் சாபங்களும் நிறைந்த உலகில் ஒரு காதலையே அச்சாக வைத்துச் சுழலும் தடித்த தொடர்களை, உங்களில் யாரேனும் படிக்கிறீர்களா அல்லது கேட்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது.

சாரா ஜே. மாஸ் எழுதி 2015-இல் வெளிவந்த ‘எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்’ நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாங்கி, மூன்றில் ஒரு பங்கு படித்த நிலையில் மூடி வைத்துவிட்டேன். வேட்டையாடிக் குடும்பத்துக்குச் சோறு போடும் ஃபேரா என்ற பெண், ஓநாய் உருவில் வந்த ஃபே இனத்தான் ஒருவனைக் கொன்றுவிடுகிறாள். அந்த உயிருக்கு ஈடாக மதிலுக்கு அப்பாலுள்ள நாட்டுக்கு அவளைக் கொண்டுபோகிறார்கள். அதன்பின் மாளிகை, தோட்டம், விருந்து, மறுபடியும் தோட்டம் என்று பக்கங்கள் புரண்டனவே தவிரக் கதை நகரவில்லை. ஆனால் அதே நாவலின் ஆங்கில ஒலிநூலை, இங்கே மொரிசியஸில் கியூர்பிப்புக்கும் போர்ட் லூயிக்கும் இடையே மெட்ரோவில் போய்வரும் நேரங்களில் கேட்டபோது, எதையும் தாண்டாமல் இறுதிவரை கேட்டு முடித்தேன்.

குறிப்பாக, பிற்பகுதியில் வரும் இரண்டாவது சோதனையைச் சொல்ல வேண்டும். ஃபேராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் ஒரு புதிர் எழுதப்பட்டிருக்கிறது. மேலிருந்து பழுக்கக் காய்ச்சிய முட்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. மூன்று நெம்புகோல்களில் சரியான ஒன்றை அவள் இழுத்தாக வேண்டும். தாளில் இந்த இடத்துக்கு வருபவர் எழுத்தறிந்தவராகவே வருகிறார். கேட்பவருக்கோ எதிரில் எழுத்தே கிடையாது, ஒரு குரலின் மூச்சிரைப்பு மட்டுமே உண்டு. அந்தப் பெண்ணின் இக்கட்டுக்குள் நானும் நிற்பதாக உணர்ந்தேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நாவல் நல்ல நாவலா, அல்லது குரல் கொடுத்தவர் திறமைசாலியா? எந்த அனுபவத்தை வைத்து இதை மதிப்பிடுவது? இரண்டாவதாக, இணையத்தில் கிடைத்த தமிழ்க் காதல் கதை ஒன்றை ஒலிவடிவில் கேட்க முயன்றபோது, நாயகன் பேசத் தொடங்கியதுமே கூச்சம் தாளாமல் நிறுத்திவிட்டேன். ஆங்கிலத்தில் இதைவிடப் பத்து மடங்கு வெளிப்படையான காட்சிகளைக் கண் சிமிட்டாமல் கேட்கிற எனக்கு, தமிழில் மட்டும் இது ஏன் நேர்கிறது? இந்த வகையில் தமிழில் கேட்கத் தகுந்தது ஏதேனும் உண்டா?

போர்ட் லூயி வாசகர்:

சகோதரிக்கு வணக்கம். முதல் கேள்வியில் ஒரு சிக்கலை முதலில் பிரித்துக்கொள்ளலாம். நீங்கள் தாளையும் ஒலியையும் மட்டும் ஒப்பிடவில்லை. பிரெஞ்சுத் தாளையும் ஆங்கில ஒலியையும் ஒப்பிடுகிறீர்கள். மொழிபெயர்ப்பில் போன விறுவிறுப்பு எவ்வளவு, குரல் கொண்டுவந்த விறுவிறுப்பு எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது. ஆங்கில மூலத்தில் அந்தத் தோட்டத்துப் பகுதியை மட்டும் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். அங்கேயும் சலித்தால் பழியை மொழிபெயர்ப்பாளர் மீது போட இயலாது.

அப்படியும் சலிக்கும் என்பதே என் ஊகம். இவ்வகை நாவல்கள் காத்திருத்தலால் ஆனவை. பகைவர்களாகத் தொடங்கும் இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளும்வரை வாசகரைத் தவிக்க வைப்பதே ஆசிரியரின் வேலை. அதற்காக ஒரே உணர்வை, ஒரே பார்வையை, ஒரே பெருமூச்சை அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்பச் சொல்கிறார்கள். புத்தகம் நம் கவனம் முழுவதையும் கேட்கிறது. கொடுத்த கவனத்துக்குப் பக்கந்தோறும் ஏதேனும் கிடைக்காவிட்டால் எரிச்சல் வருகிறது. ஒலிநூலுக்குப் பாதிக் கவனம் போதும். மீதியை ரயில் ஜன்னலுக்கோ பாத்திரம் கழுவுவதற்கோ கொடுத்துவிடுகிறோம். ஆகவே, தொய்வான இடம் தொய்வாகத் தெரிவதில்லை. பரபரப்பான இடம் வரும்போது கவனம் தானாகக் குவிந்துகொள்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில ஒலிநூல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 சொற்களை ஒட்டிய வேகத்தில் வாசிக்கப்படுகின்றன. கண்ணால் படிக்கும் வேகம் அதைவிடக் கூடுதல் என்பதால், நெம்புகோல் காட்சியைத் தாளில் படிப்பவர் முடிவை அறியும் அவசரத்தில் வரிகளைத் தாண்டி ஓடிவிடுவார். காதுக்கு அந்த வசதி இல்லை. வாசிப்பவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நாமும் நின்றுதான் ஆக வேண்டும். வேகத்தை ஒன்றேகால் மடங்காக ஏற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். காதல் கதைக்கு அதைச் செய்வது ஏனென்று எனக்கு விளங்குவதில்லை.

வாகுவாவிலிருந்து ஒரு கேட்பாளர்:

எனக்குப் பார்வை குறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே, தாளா ஒலியா என்ற தேர்வு எனக்கு இல்லை. பிரிட்டனில் பேசும் நூல்களைத் தபாலில் அனுப்பும் சேவை 1935-இல் தொடங்கியபோது, முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்கள் அதன் கேட்பாளர்களில் முக்கியமானவர்களாக இருந்தார்கள் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஒலிநூல் என்பது சோம்பேறிகளின் வாசிப்பு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சகோதரியின் கேள்விக்கு நான் சேர்க்கக்கூடியது, எத்தகைய வாசிப்பு என்பதைப் பொறுத்து அனுபவம் அடியோடு மாறும் என்பதுதான். ஒருவரே முழு நூலையும் வாசிப்பது ஒரு முறை. பெண் சொல்லும் அத்தியாயங்களைப் பெண்ணும் ஆண் சொல்லும் அத்தியாயங்களை ஆணும் வாசிப்பது இன்னொரு முறை. யார் சொல்லும் அத்தியாயமானாலும் அவரவர் உரையாடலை அவரவர் குரலே பேசுவது மூன்றாவது. இவற்றுக்கும் மேலாக, பல நடிகர்களையும் வாள் உரசும் ஓசையையும் பின்னணி இசையையும் சேர்த்து நாடகமாகவே தயாரிப்பதும் உண்டு. இந்த நான்காவது வகையைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கு அது கல்யாண வீட்டில் ரகசியம் கேட்பதுபோல் இருக்கிறது. டிராகன் சிறகடிக்கும் சத்தத்துக்கு அடியில் நாயகி என்ன சொன்னாள் என்பதைத் தேட வேண்டியிருக்கிறது.

ரெபெக்கா யாரோஸ் எழுதிய ‘ஃபோர்த் விங்’ என்ற 2023-ஆம் ஆண்டு நாவலை ஒற்றைக் குரலின் வலிமைக்குச் சான்றாகச் சொல்வேன். ஏடுகளோடு வாழ வேண்டும் என்று வளர்ந்த, எலும்புமூட்டுகள் எளிதில் விலகிவிடும் வயலட் என்ற பெண்ணை, படைத்தலைவியான தாயே டிராகன் வீரர்களின் பயிற்சிப் பிரிவில் வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடுகிறாள். கதை முழுவதும் வயலட்டின் வாய்மொழியாகவே செல்கிறது. ரெபெக்கா சோலர் அதை வாசிக்கிறார். டிராகன் அவள் மனத்துக்குள் பேசும் சொற்கள் அச்சில் சாய்வெழுத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். காதில் அது தாழ்ந்து, அலுத்துக்கொள்கிற, கொஞ்சம் ஏளனம் கலந்த ஒரு குரலாக வந்து சேர்கிறது. பக்கத்தில் உள்ள சாய்ந்த எழுத்து இதற்கு ஈடாகுமா என்று பார்வையுள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். இருபது மணி நேரம் இந்தப் பெண்குரலோடு வாழ்ந்த பிறகு, கடைசி அத்தியாயத்தில் மட்டும் நாயகன் சேடன் பேசத் தொடங்க, டெடி ஹாமில்டனின் குரல் நுழைகிறது. அதுவரை வெளியிலிருந்தே பார்த்த ஒருவனுக்குள் திடீரென்று தள்ளப்படுகிறோம். எழுத்தாளர் அமைத்த திருப்பம்தான் அது. ஆனாலும் அதைக் காதால் பெறுபவருக்குக் கூடுதலாகவே கிடைக்கிறது.

மோகாவிலிருந்து ஒரு தமிழாசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத முயல்கிறேன்.

நம் தீவில் வளர்ந்தவர்களின் காதுகளுக்குத் தமிழ் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று கோயில், மற்றொன்று திரைப்படம். வீட்டில் கிரியோல், அலுவலகத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு என்று வாழ்கிற நமக்கு, ஒரு மனிதர் மற்றொரு மனிதரிடம் தாழ்ந்த குரலில் தமிழில் அன்பைச் சொல்லிக் கேட்ட பழக்கம் மிகவும் குறைவு. கோயிலில் கேட்ட தமிழ் காதலியிடம் பேசினால் தேவாரத்தை இழிவுபடுத்தியது போலிருக்கும். திரைப்படத் தமிழ் பேசினால் நடிப்பாகத் தோன்றும். சகோதரியின் கூச்சத்துக்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வாசிப்பவர்கள் மீதும் குற்றம் உண்டு. கதை சொல்லும் வரிகளை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் எழுதுவது நாவல்களில் வழக்கம். தேர்ந்தவர்கள் அந்த மாற்றத்தைக் காதுக்கு உறுத்தாமல் கடப்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள் செய்தி வாசிக்கும் தோரணையிலேயே காதலையும் வாசித்துவிடுகிறார்கள்.

ஆனால், இந்த வகைக் கதை தமிழுக்குப் புதியது என்று யாரும் எண்ண வேண்டாம். தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடும் ஓர் ஊரில் இருந்துகொண்டு, வள்ளி திருமணத்தை நாம் பக்திக் கதையாக மட்டுமே சொல்லி வருகிறோம். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி விரட்டும் பெண்ணைத் தேடி ஒரு தேவன் வேடன் உருவில் வருகிறான். அவளுடைய தந்தை நம்பிராசன் வந்துவிட, வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். பிறகு கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று தண்ணீர் கேட்கிறான். அவள் இணங்காதபோது அண்ணனை யானையாக வரவழைத்து அச்சுறுத்துகிறான். உருமாற்றம், ஒளிவு, ஊடல், கட்டாயத்தில் நேரும் அணைப்பு ஆகிய அனைத்தும் இதில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதை விடிய விடிய மேடையில் பாடி நடித்திருக்கிறார்கள். கண்ணால் படிப்பவர்களுக்காகப் பிறந்த கதை அன்று, கேட்பவர்களுக்காகவே வளர்ந்தது.

இதைவிட வியப்பானது மணிமேகலை. சாத்தனார் எழுதியதைத் துறவின் காப்பியமாகவே பாடம் நடத்துகிறோம். எனக்கென்னவோ, காதல் மிகைபுனைவின் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்துவைத்துவிட்டு, காதலை மட்டும் கைகூட விடாமல் தடுத்த நூலாகவே அது தோன்றுகிறது. சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையைப் பின்தொடர்கிறான், அவளை இகழ்ந்தும் பேசுகிறான். அவன் போன பிறகு, இகழ்ந்தவன் என்று தெரிந்தும் என் நெஞ்சம் அவன் பின்னால் போகிறதே, காமத்தின் இயல்பு இதுதானா என்று அவள் தோழி சுதமதியிடம் கேட்கிறாள். பகைவர்கள் காதலர்களாகும் இன்றைய நாவல்களில் ஐந்நூறு பக்கம் எடுத்துக்கொள்ளும் சங்கதி, இங்கே சில அடிகளில் சொல்லப்பட்டுவிடுகிறது.

அன்றிரவே மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. முற்பிறப்பில் அவன் இராகுலன் என்ற பெயரோடு அவளுக்குக் கணவனாக இருந்தவன் என்பது அங்கே தெரியவருகிறது. இன்றைய தொடர்களில் விதியால் பிணைக்கப்பட்ட இணை என்று கொண்டாடுகிறார்களே, அதே பிணைப்புதான். உருமாறவும் வான்வழி செல்லவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள் அவளுக்குக் கிடைக்கின்றன. காதலனிடமிருந்து தப்புவதற்காக அவள் காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண்ணின், அதாவது வித்தியாதர இனப் பெண்ணின், உருவை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், பன்னிரண்டு ஆண்டுச் சாபம் முடிந்து மனைவியைத் தேடி வருகிறான். தன் மனைவி வேறொருவனோடு பழகுவதாக எண்ணி, நள்ளிரவில் உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். கதறிக்கொண்டு உடலை நெருங்கும் மணிமேகலையைத் தூணில் உள்ள பாவை ஒன்று வாய்திறந்து தடுக்கிறது. இதை நல்ல குரலில் ஒருவர் வாசித்தால் டிராகன் கதைக்குச் சற்றும் குறையாது.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாய்:

ஆசிரியர் ஐயா எழுதியதை மிகவும் இரசித்தேன். ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டார். காதல் மிகைபுனைவை வாங்குபவர்கள் ஓர் உறுதிமொழியை வாங்குகிறார்கள்: எத்தனை போர் நடந்தாலும், எத்தனை பாகம் நீண்டாலும், இறுதியில் இருவரும் சேர்வார்கள். மணிமேகலை அதைத் தருவதில்லை. கியூர்பிப் நகரசபைத் தோட்டத்தில் வெண்கலச் சிலையாக நிற்கும் பால், வர்ஜினி என்ற காதலர்களின் கதையும் தருவதில்லை. 1788-இல் பெர்னார்தன் தெ சேன்-பியேர் எழுதிய அந்தக் கதையில், கரைக்கு எதிரே கப்பல் உடைய, மேலாடையைக் களைந்து நீந்த நாணி வர்ஜினி மூழ்கிப்போகிறாள். பிரெஞ்சுப் பாடத்தில் அதைப் படித்த வயதில் எனக்குக் கண்ணீருக்குப் பதிலாகக் கோபமே வந்தது. ஆகவே, பெண்ணைக் கொல்லாமல் காதலைச் சொல்லும் கதைகளுக்கு இவ்வளவு வாசகிகள் சேர்ந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. 1740-இல் வில்நவ் அம்மையார் எழுதிய அழகியும் விலங்கும் கதையிலும் அந்த உறுதிமொழி இருந்தது. மாஸின் முதல் நாவலில் அந்தக் கதையின் சாயல் வெளிப்படையாகவே தெரிகிறது.

இந்நாயகர்கள் பலரிடம் எனக்கு ஒவ்வாத ஒன்றும் உண்டு. பொறாமையையும் கட்டுப்படுத்துவதையும் அன்பின் ஆழமாகக் காட்டுகிறார்கள். கனிந்த ஆண்குரலில் கேட்கும்போது அது இன்னும் நியாயமாகத் தோன்றிவிடுகிறது. போர்ட் லூயி நண்பர் சொன்ன பாதிக் கவனத்தில் இதுவும் சேர்ந்தே உள்ளே போகிறது.

பெற்றோருக்கு ஒரு செய்தி. மாஸின் அத்தொடர் முதலில் இளையோர் நூலாகவே விற்பனைக்கு வந்தது. 2020-இல்தான் புதிய அட்டைகளோடு பெரியவர்களுக்குரிய வரிசைக்கு மாற்றப்பட்டது. அட்டையில் பூவும் கிரீடமும் பார்த்துப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிவிடாதீர்கள். டிக்டாக்கில் அழுதுகொண்டே பரிந்துரைப்பவர்கள் வயதைப் பற்றிப் பேசுவதே இல்லை. புத்தகமாக இருந்தால் மேசைமேல் கிடக்கும், புரட்டிப் பார்த்துவிடலாம். காதுக்குள் ஓடுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் தெரியாது.

கியூர்பிப் வாசகி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அத்தோட்டத்துப் பகுதியை ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தேன். சலிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே, நான் விரும்பியது அந்தக் குரலையும் இரண்டாம் பாதியையும் என்று முடிவுகட்டிக்கொள்கிறேன். ரோஸ் ஹில் அம்மா சொன்ன கட்டுப்படுத்தும் நாயகன் எனக்கும் உறுத்தத்தான் செய்தான். ஆனால் அடுத்த பாகத்தில் ஃபேரா அப்படிப்பட்ட ஒருவனைவிட்டு விலகுகிறாள் என்பதையும் ஆசிரியர் பக்கம் நின்று சொல்ல வேண்டும்.

ஆசிரியர் ஐயா, மணிமேகலையைப் பள்ளியில் அமுதசுரபியோடு நிறுத்திவிட்டார்கள். முப்பது காதைகளையும் வரிசையாகப் படிக்கும் பொறுமை எனக்கு இருக்குமா என்பது ஐயமே. எங்கிருந்து தொடங்கலாம்?

மோகாவிலிருந்து ஒரு தமிழாசிரியர்:

ஐந்தாம் காதையில் தொடங்குங்கள். சுதமதியிடம் அவள் நெஞ்சைத் திறந்து பேசுவது அங்கேதான். பிறகு நேராகப் பதினெட்டாம் காதைக்குப் போய், இருபத்தொன்றுவரை நிற்காமல் படியுங்கள். இருபதாம் காதையில் உதயகுமரன் வெட்டுண்கிறான். அடுத்ததில் பாவை பேசுகிறது. பசிப்பிணி, சமயக் கணக்கர், தருக்கம் ஆகியவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். உ.வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்த நூலின் வழிவந்த பதிப்புகள் எளிதாகக் கிடைக்கும். மதுரைத் திட்டத்தின் இணையப் பக்கத்தில் மூலம் இலவசமாகவே உள்ளது. ஆனால் சொற்களைப் பிரித்து அச்சிட்ட, உரையோடு கூடிய பதிப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தோட்டத்தில் நின்றதுபோல் இங்கும் நின்றுவிடுவீர்கள்.

ஒலிவடிவம் வேண்டுமென்றால், நூலுக்குக் காப்புரிமைத் தடை ஏதும் இல்லை. இருபதாம் காதையை மூலம் நான்கு அடி, உரைநடை நான்கு வரி என்று மாற்றி மாற்றி வாசித்துப் பதிவு செய்து இங்கே இடுகிறேன். வாகுவா ஐயா முதலில் கேட்டு, காஞ்சனன் பேசும் இடத்தில் குரலை மாற்ற வேண்டுமா, ஒரே குரலில் விட்டுவிடலாமா என்று சொல்ல வேண்டும்.